ஆகாசத்துல போடுற போர்

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. அந்தக் காயிதத்தை ஏன் முதுகுக்குப் பின்னாடி மறைக்கற? கொட்டேஷன்தானே? உங்க ஆயா ரெண்டு நாளைக்கு முன்னாடியே சொல்லிட்டா. அடி அண்ணாமலையில இருக்கிற உன் லாட்ஜு மொட்டைமாடியில காத்தாடி நட்டு, அதுல கரண்டு எடுத்து, இனிமே ஈபி ஆபீசு இருக்கிற திக்குல தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டியாம். நல்ல காரியம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். நம்மூரு அக்னித் தலம். வாயுத் தலம் காளஹஸ்தியில இருக்குது. ஆண்டவன் இலாகா பிரிச்சுக் குடுத்து எத்தனையோ காலம் ஆச்சு. நீ இன்னா, மந்திரிசபையை மாத்தி அமைக்கிறியா?

கோச்சுக்காத. காயிதத்தைக் குடு. என் கண்ணாடி எங்க... ஆங். 1 கிலோவாட் காத்தாடி. இறக்கை விட்டம் 2.5 மீட்டர். மாடிமேல 20 அடி பைப்பு. பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 1.5 லட்சம். அடியில தடிச்ச எழுத்துல ஒரு வரி: "தனியாக டவர் செலவு இல்லை."

இந்த வரியிலதானே நீ சொக்கிப்போன? போர் போடாம மோட்டாரை மட்டும் விக்கறேன், குழி செலவு உனக்கு மிச்சம்னு ஒருத்தன் வந்தா, அவனுக்கு மோர் குடுத்து அனுப்புவியா, மோட்டாரை வாங்குவியா?

மல்லாட்டை ஆயற கெழவனுக்குக் காத்தாடியைப் பத்தி இன்னா தெரியும்னுதானே பாக்கற? உங்கப்பன் அரை டவுசர் போட்டிருந்த காலத்துல நான் ட்ரெய்லர் ஓட்டினவன்டா. திருச்சிப் பட்டறையில டவர் பிட்டை ஏத்திகினு மதுரை, கயத்தாறு, நாங்குநேரின்னு போயி ஆரல்வாய்மொழியில எறக்கிட்டு வருவேன். மொத தடவை போனப்ப அந்த ஊருக்காரன் "காத்தாடி லோடா?"ன்னு கேட்டான். எனக்குச் சிரிப்பு தாங்கல. நம்ம பக்கம் காத்தாடின்னா நூல்ல பறக்கறது. அங்க அது பட்டம். காத்தாடின்னா கரண்டு எடுக்கறது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயில்ல சூடம் கொளுத்திட்டுத்தான் வண்டியை சைட்டுக்குள்ள திருப்புவோம். ஆடி மாசத்துல அங்க வண்டிக் கதவைத் திறந்தா கதவைப் புடிக்கறதா, கைலியைப் புடிக்கறதான்னு முடிவு பண்ணிட்டுத்தான் இறங்கணும். ஒரு தடவை கதவைப் புடிச்சேன். மீதியை உங்க ஆயாகிட்ட சொன்னதில்ல, நீயும் சொல்லாத.

தமிழ்நாட்டுல மொதல்ல காத்தாலை நட்டது தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டுல, 1986ல, மின்வாரியம். நான் லோடு அடிச்ச காலத்துல 225, 250 கிலோவாட் மிஷினுங்க. டவர் 30 மீட்டர், நூறடி. நம்ம ராஜகோபுரம் 217 அடி. அதுல பாதிகூட வராது. இன்னிக்கு நடறதுல 120, 140 மீட்டர் டவரு சாதாரணம். ரெண்டு ராஜகோபுரத்தை ஒன்னுமேல ஒன்னு தூக்கி வெச்சா 434 அடி. 140 மீட்டர்ங்கறது 459 அடி. அவனுங்களுக்கு மட்டும் இரும்பு சும்மா கெடைக்குதா? கோபுரம் கட்டறது அப்பவே லேசான செலவு இல்ல. கிருஷ்ணதேவராயர் ஆரம்பிச்சதைத் தஞ்சாவூர் சேவப்ப நாயக்கர்தான் முடிச்சாரு. அப்படியிருக்க, கணக்குப் பாக்கற கம்பெனிக்காரன் ஏன் உசரத்துக்கு ஏறான்?

நீ பவுர்ணமிக்கு ரூமு வாடகையை ஏத்தறவன், உனக்கு அந்தக் கணக்குலயே சொல்றேன். பவுர்ணமி ராத்திரி கிரிவலம் கெளம்பறவன் கிழக்குக் கோபுர வாசல்ல எப்படி நடக்கறான்? பூக்கடை, செருப்புக்கடை, சுக்குக் காப்பி, தோளுக்குத் தோள் இடி. ஒரு பர்லாங்கு போக அரை மணி. அதே ஆளு ஊரைத் தாண்டி ரோடு அகலமானதும் வேட்டியை மடிச்சுக் கட்டிகினு விறுவிறுன்னு போறான். காத்தும் அப்படித்தான். தரையை ஒட்டி வர்றதுக்கு வீடு, புளியமரம், தண்ணித்தொட்டி, உன் லாட்ஜு போர்டு எல்லாத்துலயும் இடி. மேல போகப் போக ரோடு காலி.

வெட்டவெளிப் பொட்டல்ல உசரத்தை ரெண்டு மடங்காக்கினா காத்து வேகம் நூத்துக்குப் பத்து கூடும். மரமும் கட்டடமும் நெறஞ்ச எடத்துல இருபதுக்கு மேலயே கூடும். பத்துதானான்னு உதட்டைப் பிதுக்காத. காத்துல இருக்கிற சக்தி, வேகத்தை மூணு தடவை பெருக்கின கணக்கு. வேகம் 10 சதம் ஏறினா சக்தி 33 சதம் ஏறும். வேகம் ரெண்டு மடங்கானா சக்தி எட்டு மடங்கு. குறைஞ்சாலும் அதே கணக்குதான், அதுதான் உனக்கு வெச்ச ஆப்பு. கொட்டேஷன்ல 1 கிலோவாட்டுன்னு போட்டிருக்கானே, அது நொடிக்கு 11 மீட்டர் வேகத்துல காத்து அடிச்சா. உன் மாடியில 3 மீட்டர் அடிச்சா வர்றது 20 வாட்டு. சாதா சீலிங் ஃபேன் ஒன்னு 75 வாட்டு இழுக்கும். காத்துல கரண்டு எடுத்து, அந்தக் கரண்டுல ஃபேன் போட்டு, கடைசியில காத்து வாங்கக்கூட வழியில்லாத ஒரே லாட்ஜு முதலாளி நீயாத்தான் இருப்ப.

3 மீட்டர்னு நான் எப்படிச் சொல்றேன்னு கேக்கற. கேளு, கேக்கணும். முந்தாநேத்து நீ கலசபாக்கம் போயிருந்தப்ப உன் லாட்ஜுக்குப் போனேன். ரூம்பாய்கிட்ட தண்ணித்தொட்டி பாக்க வந்திருக்கேன்னு சொல்லிட்டு, 25 அடி மூங்கில் ஒன்னை மாடிக்கு ஏத்தினேன். பழைய வேட்டியைக் கிழிச்சு அஞ்சடிக்கு ஒரு துண்டு கட்டி, கைப்பிடிச் சுவத்தோட சேர்த்து நிறுத்தினேன். அம்மியைப் பறக்க விடற ஆடிக்காத்து. ஆனா அடித்துண்டு மூங்கிலையே சுத்திகினு கட்டிப்புடிச்சிச்சு. ரெண்டாவது துண்டு காத்து வர்ற திசையைப் பாத்தே ஆடுச்சு, தண்ணி போட்டவன் வீட்டு வழியை மறந்த மாதிரி. மூணாவதும் நாலாவதும் ஒரு நிமிஷம் நீட்டும், அடுத்த நிமிஷம் தொங்கும். உச்சித்துண்டு ஒன்னுதான் ஒரு மாதிரி படபடன்னு அடிச்சுது, அதுவும் பக்கத்து அஞ்சு மாடி லாட்ஜுப் பக்கம் காத்து திரும்பினதும் படுத்துக்கிச்சு. அதே நேரத்துல எதிர்த்தெருப் பையன் ஒருத்தன் காத்தாடி விட்டிருந்தான், நம்மூரு காத்தாடி. நூத்தம்பது அடி உசரத்துல அது ஆணி அடிச்சு மாட்டின படமாட்டம் அசையாம நின்னுச்சு. நூலைத் தொட்டுப் பாத்தேன், தம்புரா தந்தி கணக்கா விண்ணுன்னு இருந்துச்சு. அந்தப் பையன் டவருக்கு ஆறு ரூபா நூல் செலவு பண்ணியிருந்தான். உன் கொட்டேஷன்ல அதுவும் இல்ல.

காத்தாடி வெக்கறவங்க வழக்கம் ஒன்னு உண்டு. சுத்துவட்டம் 500 அடிக்குள்ள எது உசரமோ, அதுக்கும் மேல 30 அடி போயித்தான் இறக்கையோட அடிநுனியே ஆரம்பிக்கணும். உன் பக்கத்து லாட்ஜு அஞ்சு மாடி, அதுக்கு மேல தொட்டி. கணக்குப் போட்டுக்க. சுழிக்காத்துல மாட்டின இறக்கை கரண்டும் குறைச்சலாத் தரும், பேரிங்கையும் சீக்கிரம் தின்னும், ராத்திரியெல்லாம் மாடியை உறுமவும் வெக்கும். மேல் மாடியில தியானம் பண்ண வர்ற வெள்ளைக்காரங்களுக்கு ஓங்காரம்னு சொல்லித் தனியா பில்லு போடலாம்.

"அப்ப உசரமா டவர் வெச்சுட்டாப் போவுது தாத்தா"ன்னு வாயைத் திறக்கற பாரு, அங்கதான் அடுத்த குழி. போன கோடையில உங்கப்பன் கொல்லையில போர் போட்டானே, ரேட்டு எப்படிச் சொன்னான்? மொத முன்னூறு அடிக்கு ஒரு ரேட்டு, அப்புறம் நூறடிக்கு நூறடி அடி விலையை ஏத்திகினே போனான் இல்லியா? ஆழத்துக்கு இருக்கிற அதே ஸ்லாப்பு ஆகாசத்துக்கும் உண்டு. டவர் உசரம் ரெண்டு மடங்கானா இரும்பு ரெண்டு மடங்கோட நிக்காது, நாலு மடங்கு பக்கம் போகும். மேல காத்து புடிச்சுத் தள்ளற தள்ளு, நீளமான கடப்பாரையை நெம்பற மாதிரி அடியில வந்து நிக்கும். அடிப்பக்கம் அகலமாகணும், தகடு தடிக்கணும், ஃபவுண்டேசன் பெருக்கணும்.

அகலமாக்கலாம்னா ரோடு விடாது. இது எந்த இஞ்சினியரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. குழாய் டவரோட வாயகலம் நாலேகால், நாலரை மீட்டரைத் தாண்டினா பாலத்துக்குக் கீழ நுழையாது, ஊருக்குள்ள திரும்பாது. தாழ்வா தொங்கற கரண்டு கம்பியை கிளீனர் பையன் பிட்டுமேல ஏறி, கவட்டைக் குச்சியால தூக்கிப் புடிப்பான். நான் முதல் கியர்ல நத்தையாட்டம் நகர்த்துவேன். அந்தப் பையன் உசிரு என் கால் கட்டைவிரல்ல இருக்கும். அகலம் முடியாதுன்னா அதே அகலத்துல தகட்டைத் தடிக்க வெக்கணும், இரும்பு தண்டம். அதனாலதான் சிலபேரு அடியைக் காங்கிரீட்டுல கட்டறாங்க. சுஸ்லான் கம்பெனி 2014ல குஜராத் கட்ச் பக்கம் 120 மீட்டர்ல ஒன்னு நட்டுச்சு: கீழ்ப் பாதி கரண்டு டவராட்டம் கம்பிச் சட்டம், மேல் பாதி குழாய். கம்பின்னா கட்டுக் கட்டா சாதா லாரியில போயிடும். எங்களை மாதிரி ட்ரெய்லர்க்காரன் பொழப்புல மண்ணு.

கிரேனை மறந்துட்டேனே. உசரம் கூடினா கிரேனும் பெருசாகணும். பெரிய கிரேனு தானே ஒரு திருவிழா. பாகம் பாகமா பல ட்ரெய்லர்ல வந்து எறங்கும். காத்து அடிச்சா இறக்கையைத் தூக்கக் கூடாது, நிறுத்திடுவான். ஆனா வாடகை நிக்காது. காத்து நெறைய இருக்குதுன்னுதான் அந்த எடத்துக்கே வந்தான், காத்து நிக்கட்டும்னு காசு குடுத்துக் காத்துகினு உக்காந்திருப்பான். நான் டீக்கடையில உக்காந்து எத்தனை நாள் வேடிக்கை பாத்திருக்கேன்! பின்னால கியர்பாக்ஸ் போனாலும் அதே கிரேனு, அதே வாடகை.

இப்ப சிலேட்டை எடு. ஒரு மிஷின் நட மொத்தச் செலவு 100 ரூபான்னு வெச்சுக்க, டவர் 80 மீட்டர், அதுக்கு 20 ரூபா. இதை 120 மீட்டர் ஆக்கறேன். இரும்பு ரெண்டேகால் மடங்கு, அதாவது டவர் 45 ரூபா. மொத்தம் 125. கால் பங்கு செலவு கூடிப்போச்சு. கரண்டும் கால் பங்கு கூடினாத்தான் யூனிட்டு விலை பழைய நெலையில நிக்கும். தரையோரமாவே நல்லா அடிக்கிற வெட்டவெளியில உசரத்தை ஒன்றரை மடங்காக்கினா காத்து ஆறு சதம்தான் கூடும், கரண்டு ஒரு பத்துப் பன்னெண்டு சதம். நட்டம். மரமும் மேடுபள்ளமும் மறிக்கிற மந்தமான எடத்துல அதே உசரத்துக்குக் காத்து 12, 13 சதம் கூடும், கரண்டு கால் பங்குக்கு மேலயே வந்துடும். லாபம். டவர் அதேதான், இரும்பு அதேதான், ஒரு ஊருல புத்திசாலித்தனம், இன்னொரு ஊருல கொழுப்பு. மாட்டு விலையைக் கேட்டுட்டு வந்தா பத்தாது, லிட்டரு பாலு இன்னா விலைக்கு விழுதுன்னு கேளுன்னு உங்க ஆயா சந்தையில சொல்லுவாளே, அவ பள்ளிக்கூடமே போனதில்ல.

நாட்டுக்கணக்கே இதால தலைகீழாப் போச்சு. காத்தை அளக்கறதுக்குன்னே மத்திய சர்க்காரு பள்ளிக்கரணையில ஒரு நிறுவனம் வெச்சிருக்குது. 50 மீட்டர் உசரத்துல பாத்தப்ப இந்தியா முழுக்க 49,000 மெகாவாட்டு எடுக்கலாம்னு சொன்னாங்க. 80 மீட்டர்ல 1,02,000ன்னாங்க. 100 மீட்டர்ல 3,02,000. 120 மீட்டர்ல 6,95,000. கணக்குப் போட்ட விதமும் நடுவுல மாறிச்சு, அதையும் சொல்லணும். ஆனா வாயு பகவான் சம்பளம் கூட்டிகினு கூடுதலா வேலை செய்யல. கீழ நின்னா போணியாகாத எடமெல்லாம், மேல ஏறிப் பாத்தா போணியாகற எடமா மாறிச்சு. நம்ம தமிழ்நாட்டுக்கே 100 மீட்டர்ல 33,800 மெகாவாட்டுன்னவங்க 120ல 68,750ங்கறாங்க.

ஏலத்துலயும் தெரிஞ்சுது. 2017 பிப்ரவரியில மத்திய ஏலத்துல காத்துக் கரண்டு யூனிட்டு 3 ரூபா 46 காசுக்குப் போச்சு. அதே வருசம் டிசம்பர்ல குஜராத்துல 2 ரூபா 43 காசு. இறக்கை நீண்டதும் டவர் உசந்ததும் ஒரு காரணம். போட்டியில ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் அறுத்துகினது இன்னொரு காரணம். கடைசியில அந்த விலைக்குக் கட்டுப்படி ஆகலன்னு மூக்கால அழுதவங்களும் உண்டு.

இதுல பெரிய வேடிக்கை ஆரல்வாய்மொழிதான். கணவாய்க்குள்ள நாட்டுலயே முதல் தரமான காத்து. அங்க குந்தியிருக்கிறது நான் எறக்கிவிட்ட அதே நூறடிக் குள்ளனுங்க. கூரை வீட்டுக்காரன் கடைத்தெரு முனையில மனை வெச்சிருக்கிற மாதிரி. அதைப் புடுங்கிட்டுப் பெருசு நடுங்கன்னு 2016ல டெல்லியில ஒரு கொள்கை போட்டாங்க, 2023ல திருத்தினாங்க, 2024ல நம்ம சர்க்காரும் தனியா ஒன்னு போட்டுச்சு. 250 கிலோவாட் மிஷின் பன்னெண்டு செய்யற வேலைக்கு இன்னிக்கு 3 மெகாவாட்டு ஒன்னு போதும். ஆனா அந்தப் பன்னெண்டும் பத்து பேருக்குச் சொந்தம், நெலம் துண்டு துண்டு. கடன் அடைஞ்சு வருசக்கணக்காச்சு. சுத்தற வரைக்கும் வர்றது லாபம். "ஓடற மாட்டை ஏன் அடிச்சு மாத்தணும்?"ங்கறான் ஒவ்வொருத்தனும். நானும் மேல நடு, மேல நடுன்னு இவ்வளவு நேரம் கத்தறேன், அவன் கணக்குல பாத்தா அவன் சொல்றதும் தப்பில்ல. அவனுக்கு டவர் செலவு சூனியம்.

இன்னா, ஏதோ சொல்ல வர. செங்கம் கணவாய் இருக்குதேங்கறியா? 1767ல ஐதர் அலிக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் செங்கத்துலயும் நம்மூருலயும் சண்டை நடந்துச்சுதான். படை வர்ற வழியெல்லாம் காத்து வர்ற வழின்னு எவன் சொன்னான்? ஒரு வருசம் கம்பம் நட்டு அளந்துட்டு அப்புறம் பேசு. மலை உச்சியா? 2,668 அடி, காசில்லாத டவர், ஒத்துக்கறேன். தீபத்துக்குக் கொப்பரை ஏத்தற எடத்துல எப்படி அடிக்கும்னு எனக்கும் தெரியும். ஆனா அந்த மலை சாமிடா. சாமி தலையில ஆணி அடிக்க ஃபாரஸ்ட்டுக்காரன் ஒத்துகினாலும் ஊரு ஒத்துக்காது, உங்க ஆயா ஒத்துக்கவே மாட்டா.

உன் கணக்கை முடிச்சுடறேன். இந்த 20 அடி பைப்புல வருசத்துக்கு 250 யூனிட்டு வந்தா நான் மொட்டை போட்டுக்கறேன். இருவது வருசம் ஒரு நட்டு கழலாம ஓடினாலும் 5,000 யூனிட்டு. 1.5 லட்சத்தை வகு. யூனிட்டு 30 ரூபா. ஈபிகாரனைக் கொள்ளைக்காரன்னு திட்டுவியே, அவன் உனக்குப் பாவமாத் தெரிவான். சரி, தரையில ஃபவுண்டேசன் போட்டு 40 மீட்டர் டவர் நட்டுட்டன்னு வை. கரண்டு ரெண்டேகால் மடங்கு வரும், 570 யூனிட்டு. ஆனா டவரும் கிரேனும் சேர்ந்து இன்னும் மூணரை லட்சத்தை முழுங்கும். மொத்தம் 5 லட்சம், இருவது வருசத்துல 11,400 யூனிட்டு. 44 ரூபா! உசரம் போகப் போக உனக்கு விலை ஏறுது. ஏன்? பெரிய மிஷினுக்கு டவர்ங்கறது நூத்துல இருவது. உனக்கு நூத்துல எழுவது. ஆட்டுக்குட்டிக்கு ஆனைக் கொட்டாய் கட்டற கதை.

மூஞ்சைத் தொங்கப் போடாத. உங்க ஆயா மல்லாட்டை அவிச்சிருக்கா, தின்னுட்டுப் போ. அக்னித் தலத்துல அக்னியைப் புடி. அதே மாடியில 1 கிலோவாட்டுக்கு சோலார் தகடு போட்டா நம்ம வெயிலுக்கு வருசம் 1,400 யூனிட்டு தரும், உன் கொட்டேஷன்ல பாதி விலைதான் ஆகும், டவர் தேவையே இல்ல. அந்த அஞ்சு மாடிக்காரன் நிழல் எத்தனை மணிக்கு எங்க விழுதுன்னு மட்டும் பாக்கணும். நாளைக்குக் காலையில வரேன். மூங்கிலை மாடியிலயே விட்டுட்டு வந்திருக்கேன், ரூம்பாயை விட்டுத் தூக்கிப் போட்டுடாத.